அம்மாவின் கோல நோட்டு

அம்மாவின் பழைய கோல நோட்டை நேற்று ஸ்கேனரில் வைத்தேன். பென்சில் கோடு கிட்டத்தட்ட மறைந்தே போயிருந்தது. 600 டிபிஐ, கிரேஸ்கேல். கிம்ப்பில் லெவல்ஸைத் திறந்து கருப்பு முனையை வலப்பக்கம் இழுக்க இழுக்கக் கோடு எழுந்து வந்தது; கூடவே காகிதச் சுருக்கம், எண்ணெய்க் கறை எல்லாம்.

இங்க்ஸ்கேப்பின் வழக்கமான டிரேஸில் கொடுத்தால், சிக்குக் கோலத்தின் ஒவ்வொரு இழைக்கும் இரண்டு விளிம்பு! அதற்குக் கோடும் ஒரு கருப்புத் திட்டுதான். சுற்றி ஓரம் கட்டிவிடுகிறது. கடைசியில் ஸ்கேனை மங்கலாக அடியில் வைத்து, பெசியர் கோட்டால் நானே இழுத்தேன். (சோம்பேறிக்கு இரட்டை வேலை.)

ஓரிடத்தில் மட்டும் அழித்துப் போட்ட வளைவின் மேல் இன்னொரு வளைவு. எது சரி? போன் போட்டுக் கேட்டேன்.

"ரெண்டுமே தப்புடா. வாசல்ல போடறப்ப சரி பண்ணிப்பேன்" என்றாள்.