திண்ணையும் கைப்பிடியும்

எங்கள் புதுச்சேரியின் தமிழர் தெருக்களில், பழைய வீடுகளுக்கு வெளியே திண்ணை உண்டு. வழிப்போக்கர் உட்காரலாம், படுக்கலாம். தலைச்சுமைக்காரர் இறக்கி வைக்க ஊர்தோறும் சுமைதாங்கிக் கல். மாடு உடம்பைத் தேய்த்துக்கொள்ள ஆவுரிஞ்சுதறி. அதை நடுவதை 32 அறங்களில் ஒன்றாகவே நம் முன்னோர் எண்ணினார்கள்.

இன்றோ யாரும் படுத்துவிடக் கூடாதென்று பெஞ்சின் நடுவே கம்பி வைக்கிறார்கள். லண்டன் கேம்டனில் 2012-இல் படுக்கவே முடியாதபடி சரிவான கான்கிரீட் இருக்கையே வந்துவிட்டது. பிரெஞ்சுப் பள்ளியில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த பெயர் ‘பான் புப்ளிக்’, பொது இருக்கை. பொது என்றால் எல்லோருக்கும்தானே?

எழுபதைத் தாண்டிய எனக்கு ஊன்றி எழக் கைப்பிடி வேண்டும். அதை இரண்டு ஓரத்திலும் வைத்தால் போதும்; களைத்தவர் நடுவில் கால் நீட்டுவார். அடியை மூடாமல் விட்டால் தெருநாய்க்கும் நிழல்.