தீனி யார் போடுவது?

பிள்ளையாரை மூஞ்சூறு எப்படித் தாங்கும் என்று கேட்காத பிள்ளை இருக்க முடியாது. நானும் கேட்டிருக்கிறேன். "சாமி கனமாத்தான் இருக்கணும்னு யாருடா சொன்னா? நெனச்சா பஞ்சாயிடும்" என்றார் அப்பாயி. எனக்கு அது போதுமானதாக இருந்தது. என் பேத்திக்குப் போதவில்லை. "தாத்தா, ரூல்படி மூஞ்சூறு செல்லாது" என்றாள் இந்தக் கோடையில்.

என்ன ரூல் என்று விசாரித்தேன். பெங்களூரிலிருந்து கூட்டாளிகளையும் கூட்டி வந்து, எங்கள் வீட்டுத் திண்ணையில் மின்விசிறியை இழுத்து வைத்துக்கொண்டு அவர்கள் ஆடும் ஆட்டத்தின் விதி அது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்று பெயர். அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்ற இருவர் 1974-இல் வெளியிட்டது. காய் நகர்த்தி ஜெயிக்கிற வேலை இல்லை. ஒருவர் கதையை நடத்திக்கொண்டு போவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, "நான் இப்படிச் செய்கிறேன்" என்று சொல்வார்கள். அது பலிக்குமா என்பதை இருபது முகம் வைத்த பகடை முடிவு செய்யும். எங்கள் காலத்துத் தாயக்கட்டைக்கு நாலு முகம்தான். அதற்கே வீட்டில் சண்டை வரும்.

எங்கள் ஊரான கங்கைகொண்ட சோழபுரத்துக்கு வந்ததால் கதையையும் இங்கேயே இறக்கிவிட்டார்கள். ராஜேந்திர சோழன் காலம். கங்கைக்குப் போகிற படை. பேத்தி அதில் ஓலை எழுதும் பெண். நெடும்பயணம் என்பதால் எல்லாருக்கும் ஏறிப்போக ஒரு பிராணி வேண்டும். ஒருவன் குதிரை எழுதிவிட்டான். இவளுக்கு யாரிடமும் இல்லாத ஒன்று வேண்டும். புத்தகத்தைப் புரட்டினால், வீரன் மந்திரம் சொல்லி வரவழைக்கும் வாகனங்களில் போர்க்குதிரை, மட்டக்குதிரை, ஒட்டகம், கடமான், பெரிய காவல்நாய் என்று இருக்கிறது. எதுவானாலும் ஏறுபவரைவிட ஒரு படியாவது பெரிய உருவமாக இருக்க வேண்டும், உட்கார வாகான உடம்பும் வேண்டும். பிள்ளையார் இந்தப் புத்தகத்தைப் படிக்கவில்லை.

விநோதமான வாகனம் என்று கேட்டால் எனக்கா பஞ்சம்? மறுநாள் வெயில் ஏறுவதற்குள் அவளைக் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். வாசலில் பெரிய நந்தி. தஞ்சாவூர் நந்தியைப் போல ஒரே கல்லில் செதுக்கியதல்ல, கட்டி எழுப்பிச் சுதை பூசியது. நடந்துகொண்டே ஒப்பித்தேன். எமனுக்கு எருமை, அக்கினிக்கு ஆட்டுக்கடா, வாயுவுக்கு மான், வருணனுக்கு மகரம், குபேரனுக்கு ஒரு மனிதனே வாகனம். பக்கத்தில் சுவாமிமலைக்குப் போனால் முருகனுக்கு எதிரே மயில் இல்லை, யானை நிற்கும். கயிலாயத்தைத் தூக்கப் பார்த்த ராவணனையே திருவிழாவில் வாகனமாக்கிச் சிவனை அவன் தோளில் ஏற்றிவிடுவார்கள். இந்தக் கடைசிச் சங்கதி அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. எதிரியின் முதுகில் ஏறிப்போவது எந்த வயதிலும் பிடிக்கத்தான் செய்யும்.

உள்ளே நவக்கிரகக் கல்லைக் காட்டினேன். மற்ற ஊர்களைப் போல ஒன்பது சிலைகள் தனித்தனியாக நிற்கவில்லை. ஒரே கல். நடுவில் சூரியனுக்குப் பதில் விரிந்த தாமரை, சுற்றிலும் மற்ற கிரகங்கள், கீழே தேரை ஓட்டிக்கொண்டு அருணன். சாளுக்கிய நாட்டு வேலைப்பாடு, போரில் வென்று கொண்டுவந்தது என்பார்கள். அருணன் கதையை அங்கேயே உட்கார்ந்து சொன்னேன். வினதை முட்டையிட்டுவிட்டுக் காத்திருந்தாள். சகோதரி கத்ருவின் முட்டைகள் பொரிந்து பாம்புகள் வந்துவிட்டன, தன் முட்டை மட்டும் அசையவில்லை. பொறுக்காமல் ஒன்றை உடைத்துவிட்டாள். இடுப்புக்குக் கீழே வளராத பிள்ளை வந்தது, அதுதான் அருணன். இன்னொரு முட்டையை அவள் தொடவில்லை. காலம் கனிந்து அதிலிருந்து வந்தவன் கருடன், பெருமாளையே சுமக்கிறவன். கால் இல்லாதவனும் சும்மா போய்விடவில்லை. தினமும் சூரியனை ஓட்டிக்கொண்டு வருகிறான்.

"அவசரப்படாதன்னு சொல்ல வர்றீங்க" என்றாள்.

"கதை சொன்னேன்" என்றேன்.

அவள் அவசரப்பட்டிருந்தால் அன்றைக்கே ராவணனை எழுதியிருப்பாள். திண்ணைக்குத் திரும்பியபோது, கூட்டாளிகளில் ஒருவன் முந்திக்கொண்டு டைனோசரை எழுதியிருந்தான். அதுவும் வெளிநாட்டுச் சரக்கு அல்ல, அரியலூர்ச் சரக்கு! முந்தின நாள் வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்துக்குப் போய்வந்ததன் பலன். இந்தப் பக்கமெல்லாம் ஒரு காலத்தில் கடல் புகுந்து விலகிய மண். சிமெண்டுக்குச் சுண்ணாம்புக்கல் வெட்டுகிற பள்ளங்களில் நத்தை போலச் சுருண்ட கல்லாகிய கடல் உயிர்கள் கிடைக்கும். கல்லமேட்டில் கிடைத்த ராட்சத எலும்புகளை வைத்து யாதகிரி, அய்யாசாமி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1987-இல் புருகத்காயோசாரஸ் என்று ஒரு டைனோசருக்குப் பெயர் சூட்டினார்கள். ஏறக்குறைய 7 கோடி ஆண்டுக்கு முந்தைய பிராணி. அந்த எலும்புகள் பின்னால் பொடிந்து போய்விட்டன. படமும் அளவுக் குறிப்பும்தான் மிச்சம்.

"நல்ல வாகனம்தான். என்ன தின்னும்?" என்று கேட்டேன்.

பையன் விழித்தான். நியாயம்தான். பெயர் வைத்தவர்களே முதலில் அதை இறைச்சி தின்னி என்றார்கள். பிறகு வந்தவர்கள் இல்லை, தழை தின்னும் வகை என்றார்கள். தழை தின்னி என்றே வைத்துக்கொள்வோம். ஒரு யானைக்கே நாளொன்றுக்கு 150 கிலோ வரை தழை வேண்டும். இந்த மலைக்கு எவ்வளவு வெட்டுவது, யார் வெட்டுவது? படை போகிற வழியில் ஒரு ஊரிலும் முந்திரித் தோப்பு மிஞ்சாது. (முந்திரி பிறகு போர்த்துகீசியர் கொண்டுவந்தது என்று பேத்தி திருத்தினாள். சரி, வேறு தோப்பு.)

குதிரைக்காரனையும் விடவில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் மார்கோ போலோ பாண்டிய நாட்டைப் பற்றி எழுதியிருக்கிறார். கடல் தாண்டி ஆயிரக்கணக்கில் குதிரைகளை விலை கொடுத்து வாங்குகிறார்கள், வருடம் முடிவதற்குள் பெரும்பாலானவை செத்துவிடுகின்றன என்கிறார். லாடம் அடிக்கவும் வைத்தியம் பார்க்கவும் ஆள் இல்லை. தீனியாகச் சோறும் வேகவைத்த இறைச்சியுமாம். குதிரை விற்றவனுக்கு அதில் நஷ்டம் இல்லை, அடுத்த வருடமும் வாங்க வருவார்களே. அரசன் கஜானாவைத் திறந்தான், கம்பீரமான மிருகம் வந்தது. அது என்ன தின்னும் என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. மகனுக்குப் பெண் பார்க்கும்போதும், நிலம் வாங்கும்போதும், மோட்டார் சைக்கிள் வாங்கும்போதும் நம்மில் பலர் அந்த அரசன்தான்.

எனக்கு இந்தப் பாடத்தைச் சொல்லித்தந்தவர் பக்கத்துத் தெருவில் எருமை வைத்திருந்த ஒரு ஆயா. ராஜேந்திரன் கங்கை வெற்றிக்கு நினைவாக வெட்டுவித்த சோழகங்கத்தை நீராலான வெற்றித் தூண் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. நாங்கள் பொன்னேரி என்போம். எனக்கு அது ஆயாவின் எருமை குளிக்கிற இடம், அவ்வளவுதான். அதன் முதுகில் ஏறி ஏரியில் இறங்குவது எனக்குப் பட்டத்து யானை ஏறிய மாதிரி. தலையில் துண்டைக் கிரீடமாகக் கட்டிக்கொண்டு, கரையில் நிற்கிற பையன்களைப் பார்த்துக் கையசைப்பேன். எருமைக்கு ராஜா, மந்திரி வித்தியாசம் தெரியாது. ஆழம் வந்ததும் மூக்கை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு அப்படியே அமர்ந்துவிடும். ராஜா கழுத்தளவுத் தண்ணீரில் கிரீடத்தைத் தேடிக்கொண்டிருப்பார்.

எவ்வளவு அதட்டினாலும் எழுந்திருக்காது. ஆயா கரையில் உட்கார்ந்து சிரிப்பார். என்னைத் திட்டியதில்லை, எருமையையும் அடித்ததில்லை. "அதுக்குத் தோலு கறுப்பு, வேர்வையும் நம்ம மாதிரி வராது. வெயில்ல கொதிக்குமில்ல, அது பாட்டுக்குக் கெடக்கட்டும்" என்பார். ஒருநாள் வைக்கோல் பிரியைக் கையில் கொடுத்து, "ஏறணும்னா மொதல்ல தேய்ச்சு விடு தம்பி" என்றார். கொம்புக்கு அடியில், காதுக்குப் பின்னால், வால் முளைக்கிற இடத்தில் என்று எங்கெல்லாம் அழுத்தித் தேய்க்க வேண்டும் என்று காட்டித் தந்தார். சாயங்காலம் கழனித்தண்ணியில் தவிடு கரைத்து வைப்பதும் என் வேலையானது. எப்போது அந்த வேலை எனக்கு ஏறிப்போவதைவிடப் பிடித்துப்போனது என்று தெரியவில்லை. கிரீடம் கட்டுவதை எப்போதோ விட்டிருந்தேன். ஆயாவுக்கு உடம்பு முடியாமல் போன ஒரு மழைக்காலத்தில், கேட்காமலே எருமை என் பின்னால் கொட்டிலுக்கு நடந்து வந்தது மட்டும் நினைவிருக்கிறது.

பேத்தி இதைக் கேட்டுவிட்டு எருமை என்று எழுதிவிட்டாள். நான் சிபாரிசு செய்யவில்லை. சொல்லப்போனால் யானையைத்தான் சொன்னேன். ஆறுகளில் யானைகளையே பாலமாக நிறுத்திச் சோழப்படை கடந்ததாகச் செப்பேட்டில் இருக்கிறது. எமன் வாகனம் என்று கூட்டாளிகள் கேலி செய்தார்கள். "எமன் என்னைக்காவது லேட்டா வந்திருக்கானா?" என்று கேட்டு வாயை அடைத்தாள்.

கடைசி நாள் ஆட்டத்தில் படை கோதாவரிக்கு வந்துசேர்ந்தது. எருமை தண்ணீரைப் பார்த்துவிட்டது, இனி என்ன செய்யும் என்று கதை நடத்துகிற பையன் பகடையை அவளிடம் நீட்டினான். உருட்டினாள். ஒன்று விழுந்தது. இருக்கிற முகங்களிலேயே மோசமான முகம் அதுதானாம். நடு ஆற்றில் எருமை படுத்துவிட்டது. விட்டுவிட்டுப் போகலாம் என்றான் குதிரைக்காரன். முடியாது என்றாள் இவள். எவ்வளவு நேரம் கிடக்கும் என்று எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"வெயில் தாழணும்" என்றேன். கங்கைக்குத் தளபதியை அனுப்பிவிட்டு ராஜேந்திரனே அந்தக் கோதாவரிக் கரையில்தான் காத்திருந்தான் என்றும் சொல்லிவைத்தேன். கதை நடத்துகிற பையனுக்கு அது பிடித்துப்போய், இரவு இங்கேயே தங்கல் என்று நோட்டில் எழுதிக்கொண்டான். குதிரைக்காரன் முணுமுணுத்துக்கொண்டே சேணத்தை இறக்கினான். டைனோசர்க்காரன் மட்டும் கவலையோடு கேட்டான்: "இந்தப் பக்கம் தழை கிடைக்குமா தாத்தா?"