குளம் வற்றும் மாதங்கள்

ஊவாவில் ஆடி பிறந்தால் இரண்டு அறுவடைகள். ஒன்று உலகறிந்தது. ஜூலை தொடங்கி செப்டெம்பர் வரை மலையிடுக்குகள் ஊடாக வீசும் வறண்ட கச்சான் காற்று கொழுந்தை வாட்டி, ஊவாத் தேயிலைக்கே உரிய மணத்தைக் கொடுக்கிறது. கொழும்பு ஏலத்தில் அதற்குத் தனி மதிப்பு. கொழுந்து குறையும் அம்மாதங்களில் பறிக்கும் பெண்ணுக்குப் பல நாள் அரைப்பேர்தான் விழும் என்பது ஏல அறிக்கைகளில் இடம்பெறாத செய்தி.

மற்ற அறுவடையைப் பற்றியே இங்கு எழுத எண்ணுகிறேன். அதே வறட்சியில் பதுளை மலைகளுக்குக் கீழே, பிபிலை, மொனராகலை, மகியங்கனைப் பக்கங்களில் சிறு குளங்கள் வற்றிச் சேறாகும்போது கிடைக்கும் மீன் அது.

என் தாய்மாமன் அந்த மீனுக்காக அரச சம்பளம் வாங்கியவர். பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்தில் பிறந்து, பிரஜாவுரிமைப் பத்திரத்திற்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்து, அது கைக்கு வந்த பிறகே உத்தியோகத்திற்கு விண்ணப்பிக்க முடிந்தவர். அவருடைய பதவிப் பெயரை வீட்டில் எவரும் சரியாகச் சொன்னதில்லை. 'மீன் டாக்டர்' என்றே பாட்டி சொல்லுவாள். 1980களின் நடுப்பகுதியில், டிசம்பர் விடுமுறைகளில், அவருடைய ஜீப்பின் பின்னிருக்கையில் ஏறிக்கொள்ளும் உரிமை எனக்கு இருந்தது.

அவருடைய வேலை மழையோடு ஆரம்பமாகும். வடகீழ்ப் பருவக்காற்று ஒக்டோபர் இறுதியில் திரும்பி, நவம்பர், டிசம்பரில் கிராமக் குளங்கள் நிரம்பும். நிரம்பியவுடன் மீன்குஞ்சு விடவேண்டும். தாமதித்தால் குளம் வற்றுவதற்குள் மீன் தேறாது. விரல் நீளக் குஞ்சுகளைப் பட்டினி போட்டு, பொலித்தீன் பைகளில் தண்ணீரும் ஒக்ஸிஜனும் நிரப்பிக் கட்டி, வெயில் ஏறுமுன் கொண்டு சேர்க்கவேண்டும். பசறையிலிருந்து லுணுகலை ஊடாகப் பிபிலைக்கு இறங்கும் வளைவுகளில் அந்தப் பைகளை மடியில் வைத்துக்கொண்டு நான் வாந்தியை அடக்கியதுண்டு. குளக்கரையில் பையை உடனே அவிழ்ப்பதில்லை. மூடியபடியே நீரில் மிதக்கவிட்டு, உள்நீரும் குளத்து நீரும் ஒரே சூட்டிற்கு வந்த பிறகே வாயைத் திறப்பார். கால்மணி நேரத்திற்கு மேல் ஆகும். குளத்து விவசாயிகளோடு சிங்களத்தில் வேளாண்மை பேசியபடி அவர் காத்திருப்பார். அப்பொறுமை அவரிடம் வேறெதிலும் இருந்ததில்லை. சோறு ஐந்து நிமிடம் பிந்தினால் அத்தை பட்ட பாட்டை நான் அறிவேன்.

ஆண்டுதோறும் வற்றும் குளத்தில் மீன் வளர்ப்பது எனக்கு முதலில் விந்தையாகத் தோன்றியது. வற்றுவதுதான் வசதி என்றார் மாமா. வற்றும்போது குஞ்சைத் தின்னும் விரால் போன்ற மீன்கள் பெரும்பாலும் அழிந்துவிடும், மாடுகள் மேய்ந்த குளத்தடி எருவாகும், நிரம்பும்போது மீனுக்குத் தீனி தானாக உண்டாகும், தீவனச் செலவில்லை. விட்டதற்கும் பிடித்ததற்கும் கணக்குப் பார்ப்பது ஏழெட்டு மாதம் கழித்து, தண்ணீர் முழங்காலளவு இறங்கிய பிறகுதான். இடைப்பட்ட காலத்தில் கரையிலிருந்து பார்க்க எதுவுமில்லை.

ஆனால் ஒன்றை வாசகர் இங்கு மனங்கொள்ளவேண்டும். கட்லா, ரோகு, பெருந்தலைக் கெண்டை போன்ற மீன்கள் நம் குளங்களின் தேங்கிய நீரில் தாமாக முட்டையிடுவதில்லை. அவற்றின் பிறந்தகமான இந்திய, சீனப் பேராறுகளில் வெள்ளம் புரளும்போதே அவை இனம் பெருக்கும். இங்கே நிலையத்துத் தொட்டியில் வைத்து, இன்னொரு மீனின் மூளையடிச் சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றை ஊசியால் ஏற்றவேண்டும். "கெண்டைகிட்ட மழை வந்துருச்சுன்னு ஒரு பொய் சொல்றோம் தம்பி, அதுதான் இந்த ஊசி" என்பார் மாமா. அந்த ஊசியைப் பிடிக்கும் கை இல்லாவிட்டால் அடுத்த ஆண்டுக்குக் குஞ்சில்லை.

1990இல் அந்தக் கை எடுக்கப்பட்டது. உயிர்க்கொலைக்கு அரசு துணைபோகலாகாது என்ற மத அடிப்படையிலான ஆட்சேபங்களை ஏற்று, ஜனாதிபதி ரணசிங்க பிரேமதாசவின் அரசாங்கம் உள்நாட்டு நன்னீர் மீன்பிடிக்கு வழங்கிவந்த ஆதரவை நிறுத்திக்கொண்டது. கடல் மீன்பிடிக்கு இந்த விதி பொருந்தவில்லை. கடல்மீனுக்கு உயிர் இல்லையா என்று மாமா கேட்டார். வீட்டுக்குள் மட்டும் கேட்டார். அவரை வேறோர் அலுவலகத்தில் கடிதப் பதிவேட்டு மேசையில் அமர்த்தினார்கள். சம்பளம் குறையவில்லை. ஆயினும் நவம்பர் மழை கொட்டும் இரவுகளில் அவர் திண்ணையில் விழித்திருந்ததை அத்தை சொல்லிச் சொல்லி மாய்ந்தாள்.

அந்த நான்காண்டுகளில் குளங்களில் நடந்தது ஒரு பாடநூலுக்கு உரியது. ஆண்டுதோறும் குஞ்சு விட்டாலன்றி இல்லாத கெண்டை மறைந்துபோயிற்று. பருவகாலக் குளங்களின் மீன்வளர்ப்பு படுத்துவிட்டது. 1952இல் இலங்கைக்கு வந்த, எவர் தயவுமின்றித் தானே பெருகும் திலாப்பியாதான் பெருங்குளங்களைக் காப்பாற்றியது. தமிழ்நாட்டு நண்பர்கள் ஜிலேபி என்றழைக்கும் அதே மீன். அதுவும் கண்காணிப்பாரின்றிச் சிறுகண் வலைகளில் அகப்பட்டுச் சிறுத்துப்போயிற்று. 1994இல் ஆட்சி மாறியபின் அரச ஆதரவு திரும்பியது. 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தேசிய நீர்வாழ் உயிரினச் செய்கை அபிவிருத்தி அதிகாரசபை தோன்றியது. ஆணையொன்றால் நிறுத்தியதை ஆணையொன்றால் மீட்டுவிட முடியாது. தொட்டிகள் வெடித்திருந்தன, பழகிய கைகள் கலைந்திருந்தன. மாமா திரும்பிச் சென்றார். ஓய்வுபெறும்வரை அவர் செய்தது பெரும்பாலும் இளைஞர்களுக்கு ஊசி பிடிக்கக் கற்றுக்கொடுத்ததுதான்.

அவருடைய உழைப்பில் விளைந்த மீன் அவர் பிறந்த லயத்திற்குப் போய்ச் சேர்ந்ததில்லை. தோட்டத்தில் மீன் என்றால் கருவாடு, நெத்தலி, வசதிப்பட்டால் டின்மீன். வெள்ளைக்காரத் துரைமார் தம் தூண்டில் விளையாட்டுக்காக 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே நுவரெலியா ஓடைகளுக்குக் கப்பலேற்றி ட்ரவுட் மீனைக் கொண்டுவந்தார்கள். தொழிலாளிக்கென்று ஒரு குஞ்சு விட எவரும் நினைத்ததாக நான் வாசித்ததில்லை. 2016ஆம் ஆண்டின் குடிசன, சுகாதார ஆய்வின்படி நாட்டில் ஐந்து வயதிற்குட்பட்ட பிள்ளைகளில் ஏறத்தாழ 17 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரமற்றவர்கள். பெருந்தோட்டங்களில் அது ஏறத்தாழ 32 சதவீதம். இதற்கு மீன் ஒன்றே மருந்தென்று சொல்லமாட்டேன். ஆனால் நாற்றுமேடைக்கும் தொழிற்சாலைக்கும் நீர் தேக்கிய குளங்கள் தோட்டங்களிலும் உண்டு.

கடந்த ஆண்டு மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டமொன்றில் அத்தகைய குளத்திற்குக் குஞ்சு விட வந்த இளம்பெண் ஒருவரோடு போயிருந்தேன். மாமாவின் பதவியை ஒத்த பதவி. பையை மிதக்கவிட்டுக் காத்திருக்கையில் அவர் தம் கவலைகளைச் சொன்னார். குளிரில் கெண்டை மெதுவாகத்தான் வளரும். மலையில் தெளிக்கும் களைகொல்லி மழையோடு குளத்திற்கு வரும். கிராமத்துக் குளமென்றால் விவசாயிகள் சங்கம் பொறுப்பேற்றுக் கையொப்பமிடும். இங்கே குளம் கம்பனியின் குத்தகை நிலத்தில் இருக்கிறது. பதிவேட்டில் அந்த இடத்தில் முகாமையாளர் கையொப்பமிட்டிருந்தார்.

கொழுந்துக் கூடையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்த பெண்களுள் ஒருத்தி, மீனை எப்போது பிடிப்பீர்கள் என்று கேட்டாள். ஆடி, ஆவணியில், தண்ணீர் இறங்கியபின் என்றார் இவர்.

"அன்னைக்கு வலை இழுக்க வந்தா எங்களுக்குப் பேர் போடுவாங்களாம்மா?"

துரையிடம் கேட்டுச் சொல்வதாகக் கூறிவிட்டு, அவர் குனிந்து பையின் கட்டை அவிழ்க்கத் தொடங்கினார்.