அடித்தபோது நாம் என்ன செய்துகொண்டிருந்தோம்?



மாலை வகுப்பில் 'பாஸ்ட் கன்டினியூவஸ் டென்ஸ்' என்று பலகையில் எழுதினால் போதும், பின்வரிசையிலிருந்து யாராவது கேட்டுவிடுவார்கள்: "இது எதுக்குண்ணா நமக்கு? பேசினா புரியாதா?" நியாயமான கேள்விதான். பேசினால் புரியும். ஆனால் நம் வழக்குகள் பேச்சோடு முடிவதில்லை. காவல் நிலையத்தில் தமிழில் எழுதிக் கொடுக்கும் புகார், உயர்நீதிமன்றம் போனால் ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறது. டெல்லியில் உள்ள தேசிய எஸ்.சி. ஆணையத்துக்கும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் மனு அனுப்புகிறோம். யாரோ மொழிபெயர்க்கிறார்கள், நாம் கையெழுத்துப் போடுகிறோம். அதில் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரிய வேண்டாமா?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரி விடுதியில் நம் மாணவர் ஒருவரைச் சாதிப் பெயரைச் சொல்லித் திட்டினார்கள். நிர்வாகத்துக்கு அவர் ஆங்கிலத்தில் எழுதிய புகாரை எங்களிடம் கொண்டுவந்து காட்டினார். "ஐ வென்ட் டு த மெஸ். ஐ ஏட். தே அப்யூஸ்ட் மீ பை காஸ்ட் நேம்." இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் படிப்பவருக்கு என்ன புரியும்? மெஸ்ஸுக்குப் போனார், சாப்பிட்டு முடித்தார், அதன்பின் எங்கோ திட்டினார்கள். எங்கே திட்டினார்கள், யார் முன்னால் திட்டினார்கள் என்பது அதில் இல்லை.

என்ன நடந்தது என்று தமிழில் கேட்டோம். "சாப்டுட்டு இருந்தேன்ணா. பக்கத்து பெஞ்சுல பத்து பதினஞ்சு பேர் சாப்டுட்டு இருந்தாங்க. வார்டன் பரிமாறுற இடத்துல நின்னுட்டு இருந்தாரு. அப்பதான் வந்து திட்டினாங்க."

எல்லாம் வந்துவிட்டது. இடம், சாட்சிகள், பொறுப்பில் இருந்தவர், எல்லாமே அந்த 'இருந்தேன், இருந்தாங்க, இருந்தாரு'வில் இருக்கின்றன. ஆங்கிலத்துக்கு வந்தபோது தொலைந்துபோனதும் அதுதான். உட்கார்ந்து மாற்றி எழுதினோம்: "ஐ வாஸ் ஈட்டிங் இன் த மெஸ். அதர் ஸ்டூடன்ட்ஸ் வேர் ஈட்டிங் நியர் மீ. த வார்டன் வாஸ் ஸ்டாண்டிங் அட் த கவுன்ட்டர். தென் தே கேம் அண்ட் அப்யூஸ்ட் மீ பை காஸ்ட் நேம்."

இதில் என்ன வித்தியாசம் என்று கேட்பவர்கள் 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். 2015 திருத்தத்துக்குப் பின் பிரிவு 3(1)(எஸ்) சாதிப் பெயர் சொல்லித் திட்டுவதைக் குற்றம் என்கிறது. ஆனால் பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் அது நடந்திருக்க வேண்டும். சுற்றி யார் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று சொல்லாமல் அதை எப்படிக் காட்டுவது? எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் கைவைக்கும் இடமும் இதுதான்.

இலக்கணம் மிக எளிது. ஐ, ஹி, ஷி, இட் என்றால் 'வாஸ்'. வி, யூ, தே என்றால் 'வேர்'. அதன்பின் வினைச்சொல்லோடு 'இங்'. எழுத்துத் தமிழில் 'கொண்டிருந்தேன்', பேச்சில் 'ட்டு இருந்தேன்' என்று வந்தால் அநேகமாக இந்த டென்ஸ்தான். ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது இந்த டென்ஸில் வரும். குறுக்கே வந்து விழுந்த சம்பவம் சாதாரண இறந்தகாலத்தில் வரும். இரண்டையும் 'வென்' என்ற சொல் இணைக்கும்.

அந்த 'வென்' வரும் இடத்தில் கவனம் தேவை. இந்த இரண்டு வாக்கியங்களைப் பாருங்கள். "வென் த போலீஸ் கேம், தே வேர் பர்னிங் அவர் ஹட்ஸ்." போலீஸ் வந்தபோது நம் குடிசைகள் எரிக்கப்பட்டுக்கொண்டிருந்தன, போலீஸ் அதைப் பார்த்தது. "வென் த போலீஸ் கேம், தே பர்ன்ட் அவர் ஹட்ஸ்." போலீஸ் வந்தது, அதற்குப் பிறகு எரித்தார்கள். இரண்டும் வேறு வேறு சம்பவங்கள். அதே சட்டத்தின் பிரிவு 4, கடமையை வேண்டுமென்றே புறக்கணிக்கும் அரசு ஊழியருக்கு 6 மாதம் முதல் 1 ஆண்டு வரை சிறைத் தண்டனை என்கிறது. போலீஸ் எப்போது வந்தது, அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது என்பதை வைத்துத்தான் அந்தப் பிரிவைப் பற்றியே பேச முடியும். எது நடந்ததோ அதற்குரிய வாக்கியத்தைத்தான் எழுத வேண்டும்.

நம் வரலாற்றையும் இப்படிச் சொல்லிப் பழகலாம். 1927 மார்ச் 20 அன்று மகத் நகரில் அண்ணல் அம்பேத்கர் தலைமையில் மக்கள் சவுதார் குளத்தில் தண்ணீர் எடுத்துக் குடித்தார்கள். வீரேஸ்வரர் கோயிலுக்குள்ளும் நுழையப்போகிறார்கள் என்று வதந்தி கிளப்பிவிட்டு, சாதி இந்துக்கள் மாநாட்டுப் பந்தலுக்குள் புகுந்து அடித்தார்கள். அந்த நேரத்தில் நம் மக்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? சிலர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், சிலர் ஊர் திரும்ப மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். "தே வேர் ஈட்டிங் வென் த மாப் அட்டாக்ட் தெம்." இதைப் படித்த பிறகு யாராவது 'இரு தரப்பு மோதல்' என்று எழுத முடியுமா?

இந்த டென்ஸைப் போடக் கூடாத இடங்களும் உண்டு. நோ, வான்ட், பிலீவ் போன்ற சொற்களோடு 'இங்' சேராது. 'ஐ வாஸ் நோயிங் ஹிம்' என்று நம் பக்கத்தில் சொல்கிறோம், 'ஐ நியூ ஹிம்' என்றால் போதும்.

இன்னொன்று இதைவிட முக்கியமானது. இன்றும் தொடரும் கொடுமையை இந்த டென்ஸில் எழுதாதீர்கள். "தே வேர் கீப்பிங் செபரேட் டம்ளர்ஸ் இன் த டீ ஷாப்" என்று எழுதினால், அப்போது வைத்திருந்தார்கள், இப்போது இல்லை என்றுதான் அதிகாரி படிப்பார். இரட்டைக் குவளை இன்னும் அந்தக் கடையில் இருந்தால் "தே ஸ்டில் கீப்" என்று எழுதுங்கள். நாம் எழுதும் ஒரு சொல்லை வைத்து 'அதெல்லாம் பழைய கதை' என்று கோப்பை மூடுவதற்கு இடம் கொடுக்க வேண்டாம்.

இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் ஊரில் நடந்த ஒரு சம்பவத்தை, பார்த்த பெரியவர்களிடம் கேட்டு, அவர்கள் சொன்னபடியே தமிழில் எழுதுங்கள். 'இருந்தேன், இருந்தாங்க' வரும் இடங்களையெல்லாம் அடிக்கோடிடுங்கள். பிறகு ஆங்கிலத்தில் எழுதி, அடிக்கோடிட்ட ஒவ்வொன்றும் அங்கே வந்திருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். அடுத்த வகுப்புக்கு இரண்டு தாள்களையும் கொண்டு வாருங்கள், சேர்ந்து திருத்துவோம்.