கடல் இல்லாத ஊரில் ஒரு கப்பல் கடிதம்

திருச்சியிலிருந்து சென்னைக்குப் போகும் நெடுஞ்சாலையில் நீங்கள் எத்தனையோ தடவை பிரயாணம் செய்திருப்பீர்கள். பெரம்பலூரைத் தாண்டினால் சற்று நேரத்தில் வாலிகண்டபுரம் வரும். வாலி பூஜித்ததாகச் சொல்லப்படும் வாலீஸ்வரர் இங்கே கோயில் கொண்டிருக்கிறார். சோழர் காலத்துக் கோயில். ஆற அமரப் பார்க்க வேண்டியது. ஆனால் கடலை மட்டும் தேடாதீர்கள். அதற்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும்!

அப்படிப்பட்ட ஊரில்தான் கப்பல் தபாலின் அருமையை நான் தெரிந்துகொண்டேன் என்றால் நம்புவீர்களா?

சுவாமி தரிசனம் முடிந்து, தெரிந்தவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். அந்த வீட்டுப் பாட்டியின் கணவர் கடற்படையில் வேலை பார்த்தவர். அவர் எழுதிய கடிதங்கள் ஒரு தகரப் பெட்டி நிறைய இருந்தன. லீவுக்கு வந்திருந்த பேரன், கையில் கத்தரிக்கோலுடன் அந்தப் பெட்டியைத் திறந்தான். ஸ்டாம்பு சேகரிக்கிறானாம்! நறுக்கென்று ஒரு மூலையை வெட்டியும் விட்டான். அடுத்த உறையை எடுத்ததும் பாட்டி அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"படம் கிடக்குதுடா, அந்தக் கறுப்பு முத்திரையை வெட்டிப்புடாதே. அன்னிக்கு ஒங்க தாத்தா உசுரோட இருக்காருன்னு எனக்குச் சொன்னது அதுதான்" என்றார்.

விஷயம் இதுதான். 1971 டிசம்பர் யுத்தத்தில், ஒன்பதாம் தேதி இரவு, நமது 'குக்ரி' போர்க்கப்பல் டையூவுக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. அதிகாரிகள் 18 பேரும் மாலுமிகள் 176 பேரும் மாண்டார்கள். சேதி ஊருக்கு வந்தபோது பாட்டி கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத பெண். கணவர் எந்தக் கடலில் இருக்கிறார் என்று எப்படித் தெரியும்? மாலுமிக்கு எழுதும் விலாசத்தில் கப்பலின் பெயரும் 'ப்ளீட் மெயில் ஆபீஸ், பம்பாய்' என்பதும்தான் இருக்கும். கப்பல் எங்கே போனாலும் விலாசம் மாறாது. சில நாள் கழித்து ஒரு கடிதம் வந்தது. அவசரத்தில் எழுதியவர் உள்ளே தேதி போட மறந்துவிட்டார். தபால்காரர் உறையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, "பதினாலாம் தேதி முத்திரை, தாயி!" என்றாராம். அதற்குப் பிறகுதான் அந்த வீட்டில் அடுப்பு மூட்டினார்கள்.

வெட்டிய மூலையைப் பார்த்தேன். முத்திரையின் பாதி ஸ்டாம்போடு போய்விட்டது; மீதிப் பாதி உறையில் இருந்தது. நல்லவேளை, அது வேறொரு கடிதம்!

ஸ்டாம்பு அழகுதான். 1968-ல் கடற்படை தினத்துக்காக வெளியான ஸ்டாம்பில் 'நீலகிரி' கப்பலைப் பார்க்கலாம். நம் மலையின் பெயரைத் தாங்கி, பம்பாய் மஸகான் துறையில் கட்டப்பட்ட போர்க்கப்பல் அது. 'குக்ரி'யை விட்டு அகலாமல் அதனுடனேயே மூழ்கிய காப்டன் முல்லாவுக்கும் 2000-ஆம் ஆண்டில் ஸ்டாம்பு வெளியிட்டார்கள். முதல் நாள் முத்திரையோடு கூடிய இத்தகைய ஞாபகார்த்த உறைகளைத் தபால் இலாகாவே விற்கிறது. சென்னை அண்ணா சாலைத் தலைமைத் தபால் நிலையத்தில் இதற்கென்றே ஒரு பிரிவு உண்டு. அவை காசு கொடுத்தால் கிடைக்கும். ஆனால் கடல் தாண்டி நிஜமாகவே பிரயாணம் செய்த உறையைக் கடையில் புதிதாகச் செய்துதர முடியுமா?

அதிலே முத்திரை மட்டுமல்ல, முத்திரை சொல்லாததும் சரித்திரமே. இரண்டாம் உலக யுத்தத்தில் பிரிட்டிஷ் போர்க்கப்பல்களிலிருந்து வந்த கடிதங்களில் 'மாரிடைம் மெயில்' என்று மட்டும் முத்திரை குத்தினார்கள். கப்பலின் பெயரும் கிடையாது, துறைமுகமும் கிடையாது. எதிரிக்குத் துப்புக் கிடைக்கக் கூடாதல்லவா? வீட்டில் காத்திருந்தவளுக்கும் துப்புக் கிடைக்கவில்லை!

வாலிகண்டபுரத்துக்கே இதில் ஒரு பழைய பாத்தியதை உண்டு. 1751-ல் சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரர்களும் ஒரு பக்கம், ஆங்கிலேயர் மறு பக்கமாக இங்கே சண்டை நடந்தது. ஆங்கிலப் படை பின்வாங்கித் திருச்சிக்குப் போயிற்று. அந்தப் படையோடு வந்தவர்களில் ராபர்ட் கிளைவும் ஒருவர். அந்தக் காலத்தில் ஸ்டாம்பே கிடையாது; அது பிறந்தது 1840-ல்தான். காகிதத்தை மடித்து அரக்கு வைத்து அனுப்புவார்கள். ஆப்பிரிக்காவைச் சுற்றிக் கப்பல் சீமை போய்ச் சேர ஏறக்குறைய ஆறு மாதம் ஆகும். ஆங்கிலேயர் இந்த ஊரை 'வோல்கொண்டா' என்று எழுதினார்கள். அப்படியொரு பெயரைப் பழங்கடிதம் எதிலாவது கண்டால், அது நம் வாலிகண்டபுரம்தான் என்று நீங்கள் சட்டென்று சொல்லிவிடலாம்.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு தகரப் பெட்டி இருக்கும். கடற்படையில் இருந்த அண்ணனோ, சித்தப்பாவோ, பர்மாவுக்கோ மலேயாவுக்கோ கப்பலேறிய தாத்தாவோ எழுதியவை அதில் கிடக்கும். போகிப் பண்டிகையன்று அதை வாசலுக்குக் கொண்டுபோகாதீர்கள். உறையை உறையாகவே வையுங்கள். வெட்ட வேண்டாம், பசை தடவ வேண்டாம், குண்டூசி குத்த வேண்டாம். வெயிலும் ஈரமும் படாமல் வைத்தால் போதும். எழுதியவர் யார், யாருக்கு எழுதினார் என்று தனித் தாளில் குறித்து உடன் வையுங்கள். அதைச் சொல்லக்கூடிய பாட்டி பக்கத்தில் இருக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் புறப்படும்போது அந்தப் பேரன் கத்தரிக்கோலைத் தைக்கிற பெட்டியில் போட்டுவிட்டு, பாட்டி சொல்லச் சொல்ல நோட்டில் எழுதிக்கொண்டிருந்தான்.