திடலில் திரை கட்டிய அண்ணன்மார்களுக்கு

அன்புள்ள அண்ணன்மார்களே,

மலேசியாவின் கேமரன் மலையில் திரிங்காப்பைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டப் பக்கம் வளர்ந்தவன் எழுதுகிறேன். படப்பெட்டியையும் ஜெனரேட்டரையும் வேனில் ஏற்றிக்கொண்டு வளைவு வளைவாக மலையேறி வந்து, தோட்டத்துத் திடலில் வெள்ளைத்துணி கட்டி எங்களுக்குப் படம் காட்டினீர்களே, அதற்கு நன்றி சொல்லத்தான் இந்த மடல். உங்களில் சிலர் தகவல் இலாகா ஊழியர்கள், சிலர் தோட்டம் தோட்டமாகப் படம் ஓட்டிப் பிழைத்தவர்கள். உங்கள் பெயர் எங்களுக்குத் தெரியாது. "படக்காரர் வந்துட்டாரு" என்றுதான் சொல்வோம். அதனால்தான் இது திறந்த மடலாக வருகிறது.

இத்தனை காலம் கழித்து எழுதக் காரணம் உண்டு. சினிமாவுக்குக் கூட்டம் வருவதில்லை, விருது விழாக்களைப் பார்க்க ஆளில்லை என்று உலகமெங்கும் கவலைப்படுகிறார்கள். அமெரிக்காவில் 1998இல் ஆஸ்கார் விழாவைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் ஏறத்தாழ ஐந்தரைக் கோடிப் பேர். 'டைட்டானிக்' 11 விருதுகளை அள்ளிய வருடம் அது. 2021இல் அந்தக் கூட்டம் ஒரு கோடி அளவுக்குச் சுருங்கியது. பிறகு கொஞ்சம் ஏறினாலும் 2025 வரை இரண்டு கோடியை எட்டவில்லை. 2029 முதல் விழா தொலைக்காட்சியை விட்டு யூடியூபுக்கே போகிறது. நம் நாட்டிலோ கொரோனாவால் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்த 2020இல் எம்.பி.ஓ. என்ற பெரிய அரங்க நிறுவனம் அக்டோபரில் கடையைக் கட்டுவதாக அறிவித்தது.

இவற்றைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு உங்கள் நினைவுதான் வரும். கொட்டகையும் விருது மேடையும் எங்களுக்கு எப்போதுமே தொலைவில் இருந்தவை. சினிமா எங்கள் வாசலுக்கு வந்தது உங்களால் மட்டுமே.

நீங்கள் செய்த வேலை இலேசானதல்ல. மதியமே வந்துவிடுவீர்கள். இரண்டு கம்பங்களை நட்டுத் துணியை இழுத்துக் கட்டுவீர்கள். ஜெனரேட்டர் இரைச்சல் வசனத்தைக் கெடுக்கக் கூடாதென்று அதை லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் தள்ளி வைத்து, அங்கிருந்து நீளமாக ஒயர் இழுப்பீர்கள். உங்களிடம் இருந்தது 16 மில்லிமீட்டர் புரொஜெக்டர் ஒன்றே ஒன்று. பெரிய சுருளே ஏறத்தாழ முக்கால் மணி நேரம்தான் ஓடும். மூன்று மணி நேரப் படம் என்றால் இருட்டில், டார்ச் லைட்டைப் பல்லில் கடித்துக்கொண்டு, சுருள் மாற்றியாக வேண்டும். படம் அறுந்தால் அங்கேயே ஒட்டியாக வேண்டும். எங்கள் மலைப் பனியோ லென்ஸில் வந்து படிந்துவிடும். அதைத் துடைத்துத் துடைத்தே ஓட்டினீர்கள். மழை வந்தால் முதலில் புரொஜெக்டரைப் போர்த்துவீர்கள், பிறகுதான் உங்களை. எங்கள் கூச்சலையும் அவசரத்தையும் பொறுத்துக்கொண்டு ஒருநாளும் முகம் சுளிக்காத உங்கள் பொறுமையை இப்போது நினைத்தாலும் மனம் கனிகிறது.

முதலில் அரசாங்கப் படம் ஒன்று ஓடும். 1946இல் தொடங்கிய மலாயன் பிலிம் யூனிட் காலத்திலிருந்தே அந்தக் குறும்படங்களுக்குத் தமிழிலும் வர்ணனை உண்டு. அதற்குப் பிறகுதான் எம்.ஜி.ஆர். அல்லது சிவாஜி. திடல் நிறைந்துவிட்டால் திரைக்குப் பின்பக்கம் உட்காருவோம். அங்கிருந்து பார்த்தால் எம்.ஜி.ஆர். இடது கையால் வாள் வீசுவார், எழுத்தெல்லாம் இடவலம் மாறி ஓடும். அதிலும் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. கச்சாங் பூத்தே என்ற வறுகடலைப் பொட்டலம் கைமாறும். தோட்ட மேலாளரான துரைக்கும் எழுத்தரான கிராணிக்கும் நாற்காலி, எங்களுக்குப் பாய். ஆனால் விளக்கு அணைந்ததும் எல்லோருக்கும் ஒரே படம்தான். கீழே காய்கறித் தோட்டம் போட்டிருந்த சீனர்களும் வந்து ஓரமாக நின்று பார்ப்பார்கள். வசனம் புரியாவிட்டாலும் சண்டைக்கு அவர்களும் கை தட்டினார்கள்.

எல்லாவற்றையும்விட எங்கள் அம்மாக்களுக்காக உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். விடியற்காலையில் கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு சரிவில் ஏறியவர்கள். கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்தால் அடுப்பு, பிள்ளை, துணி என்று அடுத்த வேலை காத்திருக்கும். வெளியே போய்வர அவர்களுக்கு இருந்த இடங்கள் கோயிலும் கடையும்தான். என் அம்மா வாழ்நாளில் ஒரு கொட்டகைக்குள் கால் வைத்ததில்லை. ஆனாலும் சாவித்திரியையும் பத்மினியையும் பற்றி மணிக்கணக்கில் பேசுவார். யார் எந்தக் காட்சியில் எப்படி அழுதார் என்று மறுநாள் மலையில் கொழுந்து கிள்ளிக்கொண்டே பெண்கள் பேசுவார்கள். வேலைத்தலத்தில் சொந்தக் கருத்துச் சொல்லவும், வாதாடவும், சிரிக்கவும் அவர்களுக்கு ஒரு பொருள் கிடைத்தது. அதைக் கொடுத்தவர்கள் நீங்கள். எந்த விருதும் உங்களுக்கு வரவில்லை, எந்த மேடையிலும் யாரும் உங்கள் பெயரைச் சொல்லவில்லை.

பிறகு வீடியோ வந்தது, 1996இல் அஸ்ட்ரோ வந்தது, கைப்பேசி வந்தது. உங்கள் வேன் நின்றுபோனது. பிள்ளைகள் படித்துவிட்டு ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் போனார்கள். இன்று கொழுந்து எடுக்கும் கைகளில் பல நேப்பாளத்திலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் வந்தவை. புதுப்படத்தை அரங்கில் பார்க்க வேண்டுமென்றால் சிம்பாங் பூலாய் சாலை வழியாக ஈப்போவுக்கு இறங்க வேண்டும். நால்வர் உள்ள குடும்பத்துக்கு டிக்கெட், எண்ணெய், சாப்பாடு எல்லாம் சேர்த்தால் நூறு வெள்ளியைத் தாண்டிவிடும். இந்தத் தோட்ட மக்களைப் பார்த்து "சினிமாமீது ஆர்வம் போய்விட்டது" என்று சொல்வது நியாயமில்லை.

விருது விழாக்களின் கதையும் இதேதான். 2002இல் இந்திப் படவுலகின் ஐஃபா விழா கெந்திங் மலையில் நடந்தது. எங்கள் மலையும் அந்த மலையும் ஒரே தித்திவங்சா தொடரில்தான் இருக்கின்றன. 2014இல் தென்னிந்தியப் படங்களுக்கான சைமா விழா கோலாலம்பூருக்கே வந்தது. நட்சத்திரங்கள் வந்தார்கள், ஆடினார்கள், போனார்கள். தோட்டத்தில் இருந்தவனுக்கு அதில் என்ன இடம்? அவன் ஆர்வம் காட்டவில்லை என்றால் குறை அவனுடையதல்ல.

ஆனால் எங்கள் பேச்சு மேடையேறியபோது நாங்கள் அசையாமல் உட்கார்ந்து பார்த்தோம். அது 2009 பிப்ரவரி, இங்கே திங்கட்கிழமை. ஏ.ஆர். ரஹ்மான் இரண்டு ஆஸ்கார்களை வாங்கி, "எல்லாப் புகழும் இறைவனுக்கே" என்று தமிழில் சொன்னார். அதைவிட நெருக்கமான நாள் 2016இல் வந்தது. சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய 'ஜகாட்', தோட்டம் கைவிட்டுப் போன ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. 1990களின் தொடக்கத்தில் புறம்போக்குக் குடியிருப்பில் வளரும் சிறுவன் அப்போய்தான் அதன் நாயகன். மலேசியத் திரைப்பட விழாவில் முதன்மை விருதுக்கு வசனத்தில் 70 விழுக்காடு மலாய் மொழியில் இருக்க வேண்டும் என்ற விதியால், அந்தப் படத்தையும் 'ஓலா போலா' என்ற இன்னொரு படத்தையும் தனிப் பிரிவில் ஒதுக்கினார்கள். எதிர்ப்புக் கிளம்பியது. மலாய்க் கலைஞர்களே முன்வந்து குரல் கொடுத்தார்கள், அதையும் நன்றியோடு சொல்ல வேண்டும். விழா ஏற்பாட்டாளர்கள் அந்தப் பிரிவினையைக் கைவிட்டார்கள். செப்டம்பரில் 'ஜகாட்' சிறந்த மலேசியப் படமாக அறிவிக்கப்பட்டது, சஞ்சய் சிறந்த புதுமுக இயக்குநராக அறிவிக்கப்பட்டார். அன்றைக்கு விருது எங்களுக்குப் பெரிதாக இருந்தது. நாங்கள் லயத்தில் பேசிய தமிழ், சுத்தம் செய்யப்படாமல், அப்படியே மேடையில் நின்றது.

அண்ணன்மார்களே, நீங்கள் கட்டிய திரைக்கும் அந்த விருதுக்கும் தொடர்பு இருப்பதாக நான் உறுதியாக நம்புகிறேன். 2005இல் தீபக் குமரன் மேனன் எடுத்த 'செம்மண் சாலை' ரப்பர் தோட்டத்துக் கதை. 'ஜகாட்' தோட்டத்தை விட்டு வெளியேறியவர்களின் கதை. சினிமா என்பது தங்களுக்கும் உரியது என்ற எண்ணம் தோட்ட மக்களின் மனத்தில் விழுந்தது எந்தக் குளிரூட்டிய அரங்கிலும் அல்ல, நீங்கள் கட்டிய துணியின் முன்னால்தான்.

ஆகவே நன்றியோடு ஒரு வேண்டுகோளும் வைக்கிறேன். இது தோட்டக் கோயில் குழுக்களுக்கும், தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கும், மலேசியத் தமிழ்ப்பட இயக்குநர்களுக்கும். இன்றைய புரொஜெக்டரை ஒரு கையில் தூக்கிவிடலாம், பல பள்ளிகளில் அது ஏற்கெனவே இருக்கிறது. படத்தின் உரிமையாளரிடம் முறையாக அனுமதி வாங்குங்கள். ஆண்டுக்கு ஒரு முறையாவது, திருவிழாவை ஒட்டியோ தீபாவளிக்குப் பிறகோ, திடலில் திரை கட்டி நம் நாட்டுத் தமிழ்ப்படம் ஒன்றைக் காட்டுங்கள். கொழுந்து எடுக்கும் நேப்பாளத் தம்பிகளையும் வங்காளத் தம்பிகளையும் மறக்காமல் அழையுங்கள். இயக்குநர்களே, நீங்களும் நேரில் வாருங்கள், படம் முடிந்ததும் எங்களோடு உட்கார்ந்து பேசுங்கள்.

அன்று எங்கள் மலைக்கு வந்த படக்காரர் அண்ணன் யாரேனும் இதைப் படித்தால் அவசியம் தெரிவியுங்கள். முதல் காட்சியை நீங்கள்தான் தொடங்கி வைக்க வேண்டும்.


திரிங்காப்பிலிருந்து உங்கள் தம்பி