கூலிக் கணக்கும் ஒரு குறியும்

முதலமடையில் மாங்காய் பறிக்கும் பருவம் வந்தால் எங்கள் திண்ணை கணக்கறையாகிவிடும். பறிப்பவர்களின் கூலியைக் கூட்டுவதற்குச் சென்ற பருவத்தில் பெர்ல் மொழியில் சிறு நிரல் ஒன்று எழுதினேன். 1987இல் லாரி வால் என்பவர் வெளியிட்ட மொழி அது. எழுத்துக் கோப்புகளைக் கையாள மிகவும் ஏற்றது.

கூலி நாளுக்கு முந்திய இரவு. மூத்த அக்காள் ஒருவரின் பெயரைக் கொடுத்தேன். அத்தனை பேரின் கூலியும் அவர் கணக்கில் வந்து நின்றது! திகைத்துப் போனேன்.

இரட்டைச் சமக்குறி எண்களை ஒப்பிடுவது. பெயரை அது சுழியாகவே கொள்ளும். சுழியும் சுழியும் சமமல்லவா? சொற்களை ஒப்பிட 'ஈக்யூ' என்னும் குறியே வேண்டும்.

அதனை மாற்றினேன். இப்போது ஒரு காசும் வரவில்லை! பெயரைத் தட்டி 'என்டர்' அழுத்தியபோது வரிமுடிவுக் குறியும் உடன் ஒட்டிக்கொண்டது. மாங்காயின் காம்பை நறுக்குவதுபோல் அதனை நறுக்குவது 'சாம்ப்' என்னும் ஏவல். அதனைச் சேர்த்ததும் கணக்கு நேராயிற்று.

நிரலின் தலைப்பில் 'யூஸ் ஸ்ட்ரிக்ட்', 'யூஸ் வார்னிங்ஸ்' என்ற இரு வரிகளை எழுதியிருந்தால், முதற்பிழையைப் பெர்லே எச்சரித்திருக்கும். பெயர்களின் எழுத்துப்பிழையால் மாறிகள் தவறுவதையும் 'ஸ்ட்ரிக்ட்' தடுக்கும்.

அன்பர்களே! பிள்ளைகள் நிரல் கற்கட்டும். ஆயினும், ஒருவர் கணக்கையேனும் கையால் கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். வெயிலில் நின்று உழைத்தவரின் கூலி அன்றோ அது!